அப்பாவின் போனில் வங்கிச் செயலி: முதல் நாளே செய்ய வேண்டியவை

போன மாதம் அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கினோம். பென்ஷன் கணக்கை அதில் போட்டுத் தரச் சொன்னார். அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் செய்து கொடுங்கள்.

முதலில், பென்ஷன் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். இன்னொரு சேமிப்புக் கணக்கில் ஐயாயிரம் ரூபாய் போட்டு அதை மட்டும் இணையுங்கள். ஏமாந்தாலும் இழப்பு அதோடு நிற்கும்.

செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். கல்யாணப் பத்திரிகை, கேஒய்சி என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே செயலியை நிறுவும் கோப்பை, தொடவே கூடாது. உள்ளே போனால் ஓடிபி வரும் எஸ்எம்எஸ்ஸையே படித்துவிடும். செட்டிங்ஸில் வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் வெளிச் செயலிகளை நிறுவும் அனுமதியை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் டெபிட் கார்டு. வங்கிச் செயலியிலேயே வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்தலாம், ஆன்லைன் உச்சவரம்பைக் குறைக்கலாம். இரண்டு நிமிட வேலை.

இனி யுபிஐ பின் நம்பர். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்துதான் காட்ட வேண்டும். என் போனிலிருந்து அப்பாவுக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன். அவர் போன் 'டிங்' என்றது.

"இப்ப நீங்க ஏதாவது நம்பர் போட்டீங்களாப்பா?"

"இல்லையே."

அதே ஒரு ரூபாயை எனக்குத் திருப்பி அனுப்பச் சொன்னேன். பின் கேட்டது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவர், "அப்ப இது கேட்டாலே காசு போகுதுன்னு அர்த்தம்" என்றார். பேலன்ஸ் பார்க்கவும் கேட்கும் என்று சேர்த்துச் சொன்னேன். 'பணம் வர பின் போடுங்க' என்று எவன் கூப்பிட்டாலும் இனி அவருக்குத் தெரியும்.

வங்கியின் இணையதளத்துக்குப் போவதென்றால், முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் இதற்கு மாற வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி.

சரி, பணம் போய்விட்டால்? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன், அடுத்து வங்கிக்கு. யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசு.

1930-ஐ போனில் பதிந்ததோடு, தினசரிக் காலண்டர் அட்டையிலும் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். அப்பா தினமும் தாள் கிழிக்கும் இடம் அது.