கவிதை இரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் நடந்த ஒரு கவிதை வாசிப்பு. மாலை ஐந்து மணி என்று அழைப்பிதழில் இருந்தது. முதல் கவிதை மைக்கில் கேட்டபோது மணி ஏழே கால். இடைப்பட்ட நேரத்தில் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்த நால்வரின் வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு படம். திறந்த மேடையில் வாசிக்கப் பெயர் கொடுத்திருந்த கல்லூரி மாணவி ஒருவர் எனக்கு முன் வரிசையில் அமர்ந்திருந்தார். ஏழு மணிக்கு அவர் நான்காக மடித்த தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “பென்னாகரம் பஸ் போய்விடும்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது அரங்கில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

அதன் பிறகு, கவிதை இரவு நடத்தப் போகிறோம் என்று யார் வந்தாலும் அவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாசிக்க வருகிறவர்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதைத்தான். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை என்று 30, 40, 50 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள் பஸ்ஸை நம்பித்தான் வருகிறார்கள். பெயர்ப் பட்டியலில் ஊரையும் எழுதி வாங்குங்கள். தொலைவிலிருந்து வந்தவரை முதலில் வாசிக்கவிடுங்கள், உள்ளூர்க்காரர் காத்திருக்கலாம். வரவேற்பை ஒருவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டால் போதும். பொன்னாடையை அடியோடு விட்டுவிடலாம் என்பது என் கருத்து. விடவே முடியாது என்றால் எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். முகூர்த்த நாளில் பக்கத்து மண்டபத்து ஒலிபெருக்கி உங்கள் கவிஞரைவிட உரக்கப் பாடும். ஆடிப் பெருக்கன்று பாதி ஊர் ஒகேனக்கல்லில் இருக்கும். ஞாயிறு மாலை ஓசூர், பெங்களூர் பக்கம் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்கள் வர வேண்டுமானால் சனிக்கிழமைதான் நல்லது.

அடுத்தது விருந்தினர் கவிஞர்களை எங்கே வைப்பது என்பது. அவர்களை முதலில் வாசிக்க வைத்தால், கேட்டுவிட்டுக் கூட்டம் கலைந்துவிடும். புதிதாக எழுதுகிறவர் காலி நாற்காலிகளைப் பார்த்து வாசிப்பார். கடைசியில் வைத்தால், எல்லோரும் அவருக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டிலும் அடிபடுகிறவர் புதியவர்தான். ஐந்தாறு பேர் திறந்த மேடையில் வாசித்ததும் ஒரு விருந்தினர், மறுபடி ஐந்தாறு பேர் என்று கலந்துவிட்டால் கூட்டம் நிற்கும். விருந்தினரை மேடையில் உட்கார வைக்காமல் முன் வரிசையில் உட்கார வையுங்கள். முதன்முறை வாசிக்கிற ஒருவருக்கு, தான் மதிக்கும் கவிஞர் எதிரே அமர்ந்து தன் முகத்தைப் பார்த்துக் கேட்பதைவிடப் பெரிய பரிசு கிடையாது. கடைசி வரை இருப்பீர்களா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நேரக் கணக்கில் பலரும் கோட்டைவிடுகிறார்கள். இருபது பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 100 நிமிடம். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறி மைக்கைச் சரிசெய்ய ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்தால் 120. இரண்டு விருந்தினருக்கு 15 நிமிடம் வீதம் கொடுத்தால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடுகிறது. ‘ஆளுக்கு ஒரு கவிதை’ என்று அறிவித்தால் எட்டுப் பக்கக் கவிதையோடு ஒருவர் நிச்சயம் வருவார். எத்தனை கவிதை என்று சொல்லாமல் எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள். யாருக்காகவும் அதை மீறாதீர்கள், நன்கொடை கொடுத்தவரின் மைத்துனராக இருந்தாலும்.

விருந்தினரை எப்படி நடத்துவது என்பதற்கு நாம் வெளியூரில் பாடம் தேட வேண்டியதில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே அதியமான் பரிசில் தராமல் நாள் கடத்தியபோது ஔவையார் பாடிய பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது, 206ஆம் பாட்டு. “வாயிலோயே! வாயிலோயே!” என்று வாயில்காப்போனைத்தான் அழைக்கிறார். உன் அரசன் தன்னை அறியானா, என்னை அறியானா என்று கேட்டுவிட்டு, “எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே” என்று முடிக்கிறார். இன்னொன்று 208ஆம் பாட்டு. குன்றும் மலையும் கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் பார்க்காமலே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று அதியமான் பரிசில் கொடுத்தனுப்பினான். காணாமல் கொடுத்த பொருளை வாங்கிக்கொள்ள நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்று புலவர் மறுத்துவிட்டார். தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்றார். வள்ளல் என்று பெயரெடுத்தவனுக்கே இந்த இரண்டு சறுக்கல்கள். பல நாள், பலரோடு போனாலும் முதல் நாள் போன்ற விருப்பத்தோடு வரவேற்பவன் என்று ஔவையார் பாடியதும் (101ஆம் பாட்டு) அவனைத்தான்.

நாம் இன்று செய்யும் தவறுகளும் இவையேதான். பயணச் செலவைப் பிறகு அனுப்புகிறோம் என்று சொல்லி மாதக்கணக்கில் இழுப்பது ஒன்று. கவிஞரின் ஒரு வரியைக்கூடப் படிக்காமல், கைப்பேசியில் தேடி எடுத்த குறிப்பைத் தப்பும் தவறுமாக வாசித்து அறிமுகம் செய்வது இன்னொன்று. எவ்வளவு தர முடியும் என்பதை அழைக்கும்போதே சொல்லுங்கள். அதை உறையில் போட்டு, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பணம் குறைவு என்றால் குறைவு என்று நேராகச் சொல்லலாம்; யாரும் வருந்துவதில்லை. பஸ் நிலையத்திற்கு ஒருவர் போய் அழைத்து வாருங்கள். அறிமுகம் செய்கிறவர் அவருடைய தொகுப்பு ஒன்றையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும். அதிலிருந்து தனக்குப் பிடித்த நான்கு வரியைச் சொன்னால் அதுவே சிறந்த அறிமுகம்.

மைக் செட்டை ஏற்பாடு செய்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. வாடகைக்குக் கொண்டுவருகிறவர் திருவிழா அறிவிப்புக்கு வைத்த ‘எக்கோ’வோடு கொண்டுவருவார். அதை அணைக்கச் சொல்லுங்கள். எதிரொலியில் கவிதையின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நசுங்கிவிடும். ஒலிப்பெட்டிகள் மைக்குக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் பெட்டியின் ஒலி திரும்பவும் மைக்குள் புகுந்து கீச்சென்று கத்தும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி. கொஞ்சம் ஓரமாகப் பேசினால் ‘ப’கரத்தின் காற்று மைக்கில் மோதாது. இதையெல்லாம் கூட்டத்திற்கு அரை மணி நேரம் முன்பே புதியவர்களை மேடையேற்றி இரண்டு வரி வாசிக்க வைத்துப் பழக்கிவிடலாம்.

ஒரு பெண் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தொகுப்பாளரின் உயரத்துக்கு வைத்த மைக்கை யாரும் தாழ்த்தவில்லை. அவர் குதிகாலை உயர்த்தி நின்றார். தாள் நடுங்கிச் சரசரத்தது. அந்தச் சரசரப்பும் மைக்கில் கேட்டது. மூன்றாவது வரியில் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், குதிகாலைக் கீழே இறக்கினார், குரல் மைக்குக்கு எட்டவில்லை. பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டவை இரண்டே: மைக்கைத் தாழ்த்த ஒரு ஆள், ஒரு பரீட்சை அட்டை. தாளை அதில் செருகிவிட்டால் கை நடுங்கினாலும் தாள் நடுங்காது. இப்போது நான் போகிற கூட்டங்களுக்கு ஒரு அட்டையை எடுத்துப் போகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். எட்டு வரிக் கவிதைக்கு நான்கு நிமிட முன்னுரை வேண்டாம். கவிதை பிறந்த கதையைச் சொல்லிவிட்டால் கவிதைக்கு வேலை இல்லாமல் போகிறது. கைப்பேசியைப் பார்த்து வாசிப்பதானால் அழைப்பு வராதபடி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியையும் இருமுறை சொல்லும் வழக்கம் மரபுக் கவியரங்கத்தில் வளர்ந்தது. எதுகையும் மோனையும் கட்டிய வரியை மறுபடி கேட்பது இன்பம்தான், கூட்டமே ‘மறுபடியும்’ என்று கேட்கும். மெல்லப் பேசும் புதுக்கவிதையை அப்படி வாசித்தால் மூச்சு அறுந்துபோகும். உங்கள் கவிதைக்கு எது பொருந்தும் என்று வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒருவர் வாசித்து முடித்ததும் மைக்கைப் பிடித்து ‘நல்ல முயற்சி, ஆனால்...’ என்று தொடங்கும் தலைவரைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்து தமிழில் எழுதுகிறவர்கள் நிறைய. அப்படி ஒருவரின் உச்சரிப்பை மேடையிலேயே திருத்தினால், அவர் அடுத்த மாதம் வரமாட்டார். கருத்துக் கேட்டு அவரே வந்தால் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது சொல்லுங்கள். அந்தத் தேநீரையும் வாசிப்பு நடக்கும்போது தட்டில் ஏந்திக்கொண்டு வரிசைக்குள் நுழையாதீர்கள்.

காணொளி எடுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்பது கட்டாயம். இணையத்தில் வந்துவிட்ட கவிதையைப் பல இதழ்கள் ஏற்பதில்லை. அதைவிட முக்கியம், தன் வீட்டைப் பற்றி ஒரு பெண் நாற்பது பேர் முன்னால் துணிந்து வாசித்தது மறுநாள் காலை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால், அவர் எழுதுவதையே நிறுத்தக்கூடும். பெயர் கொடுக்கும்போதே ‘பதிவு செய்யலாமா’ என்று ஒரு கட்டம் போட்டு எழுதி வாங்குங்கள்.

எவ்வளவு திட்டமிட்டாலும் நான்கைந்து பேருக்கு நேரம் இல்லாமல் போகும். அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அடுத்த மாதப் பட்டியலின் முதல் வரிகளில் அவர்கள் பெயரை அங்கேயே, அவர்கள் பார்க்க எழுதுங்கள். பாதியில் எழுந்து பஸ்ஸுக்குப் போனவர் பெயர் அதற்கும் மேலே.