திராட்டல் திரும்பி வராவிட்டால்: கப்சாய்க்காரர்கள் செய்யும் தவறுகள்

திராட்டலை, அதாவது வேகம் கூட்டும் வலது கைப்பிடியை விட்ட பிறகும் மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டே போனால் என்ன செய்வது? யாரைக் கேட்டாலும், "கிளட்சைப் பிடி, இன்ஜினை அணைக்கும் சிவப்பு சுவிட்சைத் தட்டு" என்பார்கள். பெரிய மோட்டார் சைக்கிளுக்கு அது சரி. கோலாலம்பூரில் நம்மில் பலர் ஓட்டுவது கப்சாய் என்கிற சிறிய மோட்டார் சைக்கிள். ஹோண்டா ஈஎக்ஸ்5-இல் கையால் பிடிக்கும் கிளட்சே கிடையாது. பழைய கப்சாய் பலவற்றில் சிவப்பு சுவிட்சும் இருக்காது. யமஹா எல்சி135 இரண்டு வகையாகவும் வந்திருக்கிறது, கிளட்ச் உள்ளதும் இல்லாததும். தன் வண்டியில் எது இருக்கிறது என்று பார்க்காமல் ரோட்டில் இறங்குவதுதான் முதல் தவறு.

சுவிட்ச் இல்லாத வண்டிக்குச் சாவிதான் வழி. சாவியைத் திருப்பினால் ஹேண்டல் பூட்டிக்கொள்ளும் என்று பயந்து பலர் அதைத் தொடுவதே இல்லை. பொதுவாக ஹேண்டலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சாவியை உள்ளே அழுத்தித் திருப்பினால்தான் பூட்டு விழும். நேராகப் போகும்போது ஒரு படி மட்டும் திருப்பினால் இன்ஜின் நிற்கும், அவ்வளவுதான். அதைத் தாண்டித் திருப்பவோ, சாவியை உருவவோ கூடாது. வலது கை முன் பிரேக்கில் இருக்கும் என்பதால், இடது கைக்குச் சாவி எட்டுகிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்து வையுங்கள். சுவிட்ச் இருந்தால் முதலில் சுவிட்ச்தான். சாவியை அணைத்தால் பிரேக் விளக்கும் சேர்ந்து அணையும், இரவில் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

கைக் கிளட்ச் இல்லாத கப்சாயில் இன்னொரு வசதி உண்டு, பலருக்குத் தெரியாது. கியர் மிதியை அழுத்தி, காலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தால் உள்ளே கிளட்ச் விடுபட்டிருக்கும், சக்கரத்துக்குச் சக்தி போகாது. இன்ஜின் அலறும், அலறட்டும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து காலை எடுத்தால் வண்டி குதித்துப் பாயும். அணைத்த பிறகு காலை எடுங்கள். ஸ்கூட்டரில் இந்த வழியும் இல்லை, நேராக அணைக்க வேண்டியதுதான்.

கைப்பிடியை முன்பக்கமாகத் தள்ளி மூடப் பார்ப்பது எல்லாருக்கும் வரும் பழக்கம். இரண்டு கேபிள் உள்ள பெரிய மோட்டாரில் அது வேலை செய்யும், ஒரு கேபிள் திறக்க, இன்னொன்று மூட. ஒற்றைக் கேபிள் கப்சாயில் மூடுவது ஸ்பிரிங் மட்டுமே. நீங்கள் தள்ளினால் கேபிள் தளரும், கார்ப்பரேட்டர் திறந்தே கிடக்கும். ஒருமுறை தள்ளிப் பாருங்கள், வரவில்லையா, உடனே அணையுங்கள்.

லேசாக பிரேக்கைத் தொட்டுத் தொட்டு அடுத்த சந்துவரை சமாளிப்போம் என்பது மோசமான யோசனை. பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். ஃபெடரல் ஹைவேயின் மோட்டார் சைக்கிள் பாதையில் இது இன்னும் ஆபத்து. பாதை குறுகல், வளைவுகளும் சுரங்கமும் அடுத்தடுத்து வரும். நேரான இடத்திலேயே அணைத்துவிட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

இதெல்லாம் கடைசிக் கட்டம். பெரும்பாலும் கேபிள் முன்கூட்டியே சொல்லிவிடும்: கைப்பிடி கனக்கும், விட்டால் பட்டென்று மூடாமல் சோம்பலாகத் திரும்பும். "மழையில நனைஞ்சிருக்கு, காய்ஞ்சா சரியாயிடும்" என்று தள்ளிப்போடுகிறோம். தினமும் சாயங்கால மழையில் நனையும் வண்டியில் கேபிள் உறைக்குள் துரு ஏறும், முனையில் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறும். அறுந்த இழை உறையில் மாட்டினால் திராட்டல் திறந்தபடி நின்றுவிடும். இழை அறுந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கேபிளில் குறையே இல்லாமலும் சிக்கும். ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டு ஓட்டும் நம் ஊர் வழக்கத்தில் கைமுனை தளர்வாகத் தொங்கினால், அது கைப்பிடிக்கும் பிரேக் லீவருக்கும் நடுவில் போய் மாட்டும். மழைக்கோட்டும் அப்படியே. அழகுக்காகப் போடும் புது கிரிப் நீளம் கூடி சுவிட்ச் பெட்டியில் உரசலாம், முனையில் திருகும் எடைக்குண்டு இறுக்கிப் பிடிக்கலாம். என் கணக்கில் கேபிளைவிட இந்த அலங்காரங்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஒருமுறை சிக்கி, தானாக விட்டுவிட்டால் "சரியாயிடுச்சு" என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றி மாட்டினால் உள்ளிருக்கும் ஸ்லைடு அதன் காடியில் சரியாக உட்கார வேண்டும், திருப்பிப் போட்டால் மூடாமல் நிற்கும். கேபிளில் கொஞ்சம் தளர்வும் தேவை. பல சிறிய மோட்டார்களுக்குக் கைப்பிடி விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீட்டர், உங்கள் வண்டிக்குரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். போர்மனுக்கு, அதாவது மெக்கானிக்குக்கு, காசு கொடுப்பதற்கு முன், நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள்.