பிக்கப் வண்டியில் கிரவுன் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்: வீட்டிலேயே மாற்றும் முறை

இன்ஜின் ஆயிலைக் கணக்காக மாற்றுகிறவர்கள்கூடப் பின் அச்சுக்குள் இருக்கும் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். அந்த அச்சின் நடுவில் இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைத்தான் நம் பட்டறைகளில் கிரவுன் என்கிறோம். நேர் ரோட்டில் அதற்குள் இருக்கும் பெரிய கிரவுன் பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் பல்சக்கரமும் மட்டும் உழைக்கும். வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்றுவதால், நடுவில் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களும் சேர்ந்து சுழலும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, திம்பம் மலைப்பாதையில் 27. பாரத்தோடு இதில் ஏறி இறங்கும் வண்டிக்குக் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுவது நல்லது.

நான்கு சக்கர ஓட்டம் இல்லாத பிக்கப்புக்குப் பின் கிரவுன் ஒன்றுதான். ஃபோர் வீல் வண்டி என்றால் முன் கிரவுன், பின் கிரவுன், கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருந்து முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என மூன்று இடம்.

ஆயில் வாங்கும்போதுதான் தவறு அதிகம் நடக்கிறது. கிரவுனுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 கியர் ஆயில். கேனில் போட்டிருக்கும் ஜிஎல் எண் ஆயிலின் தரம், டபிள்யூ எண் அதன் கெட்டித்தன்மை. கிரவுன், பினியன் பற்கள் உருளும்போதே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தேய்க்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் ஜிஎல்-5-இல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து அதிகம் இருக்கிறது. 'எல்லாம் கியர் ஆயில்தானே' என்று மீதியைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அது கெடுக்கலாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் விஷயம் வேறு: சிலவற்றுக்கு கியர் ஆயில், செயினில் ஓடும் பலவற்றுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். இங்கே ஊகம் வேண்டாம், உங்கள் வண்டியின் புத்தகத்தில் உள்ளதையே வாங்குங்கள். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் கிரவுன் என்றால் அதற்கென்று குறிப்பிட்ட ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

அளவும் புத்தகத்தில் இருக்கும். பொதுவாகப் பின் கிரவுனுக்கு 2 முதல் 3 லிட்டர், மற்ற இரண்டுக்கும் தலா ஒன்று, ஒன்றரை லிட்டர் பிடிக்கும். அரை லிட்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள். பிளக்குகளுக்குப் புது வாஷர், கம்பி பிரஷ், சரியான அளவு சாக்கெட், 5 லிட்டர் கொள்ளும் தட்டு, கையுறை, பனியன் வேஸ்ட் ஒரு பை, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான டியூப் 2 மீட்டர், ஒரு புனல். ஆயில் கேனைக் காலை வெயிலில் அரை மணி நேரம் வைத்தால் இளகி, டியூபில் சுலபமாக இறங்கும்.

வண்டி மட்டமாக நிற்க வேண்டும். மஞ்சள் காயப்போடும் களம் மட்டமாகத் தெரிந்தாலும் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். சேஸிஸில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிக்கப்புக்கு உயரம் இருப்பதால் ஜாக்கியே வேண்டாம், சாக்கு விரித்துப் படுத்தால் கை எட்டும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து ஒரே மட்டத்தில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. இன்னொன்று: டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் வண்டியை கியரில் போட்டிருந்தாலும் உருளும். அதன் லிவரை 2 ஹெச்சில் (பின் சக்கரங்கள் மட்டும் ஓடும் நிலை) வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

முதலில் 10 கிலோமீட்டர் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். கை சுடாத அளவுக்கு ஆறியதும் ஆரம்பிக்கலாம்.

பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷால் தேய்த்து எடுங்கள். மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைத்தான் முதலில் திறக்க வேண்டும். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்த பிறகு மேல் பிளக் அசையவில்லை என்றால், வெறும் கிரவுனோடு வண்டி நகர முடியாமல் நிற்கும். துருப் பிடித்திருந்தால் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு விடுங்கள். முனை மழுங்கிய ஸ்பேனர் வேண்டாம்.

மேல் பிளக் இளகியதும் தட்டை வைத்துக் கீழ் பிளக்கைக் கழற்றுங்கள். சொட்டு நிற்கும்வரை 15 நிமிடம் வடியட்டும். ஒன்றை முடித்து மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். எந்த ஆயில் எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

வடிந்த ஆயிலைப் பார்க்காமல் கேனில் ஊற்றிவிடாதீர்கள். பல வண்டிகளில் கீழ் பிளக் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் கூழ் ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் உரசினால் குத்தும் சிலாம்பு, பல் உடைந்த துண்டு இருந்தால் புது ஆயில் அதைக் குணமாக்காது, கிரவுனைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் பள்ளத்தில் இறங்கும்போது சூடான அச்சு சட்டெனக் குளிரும், உள்ளே காற்று சுருங்கும், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகவும், உள்காற்று போய்வர விட்டிருக்கும் ப்ரீதர் துவாரம் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்படியானால் புது ஆயில் ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றுங்கள்.

அச்சின் மேலுள்ள ப்ரீதர் மூடியையும் விரலால் அசைத்துப் பாருங்கள். அது மண் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போகும். சீல் கெட்டுவிட்டது என்று செலவு செய்யும் பலருக்குக் காரணம் இந்தச் சின்ன மூடிதான்.

புது வாஷரோடு கீழ் பிளக்கை மாட்டுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் பெரும்பாலும் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் புத்தக அளவுக்கு முறுக்குங்கள். பிறகு டியூபின் ஒரு நுனியை மேல் துவாரத்தில் விட்டு, மறு நுனியில் புனல் வைத்து உயரத்தில் பிடித்து ஊற்றுங்கள். துவாரத்தின் விளிம்பில் வழிய ஆரம்பித்தால் போதும். பின் அச்சில் ஆயில் இரண்டு பக்கக் குழாய்க்கும் பரவும், அதனால் பத்து நிமிடம் கழித்து மட்டம் இறங்கியிருக்கும். குறைந்ததை நிரப்பி மூடுங்கள். அதிகம் இருக்கட்டும் என்று வண்டியைச் சாய்த்து ஊற்றினால் அதுவும் பிரேக் டிரம்முக்குத்தான் போகும்.

20 கிலோமீட்டர் ஓட்டிவந்து பிளக்குகளைத் துடைத்துப் பாருங்கள், ஈரம் தெரியக் கூடாது. ஃபோர் வீலைப் போட்டுச் சோதிப்பதானால் மண் தடத்தில் மட்டும் செய்யுங்கள். முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில், காய்ந்த தார் ரோட்டில் திருப்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுக்க உரிமம் உள்ளவரிடம் சேரும் பட்டறையில் கொடுங்கள். வாய்க்காலிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றினால் கிணற்றுக்குத்தான் வரும். அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் பெயிண்டால் அச்சிலேயே எழுதிவிடுங்கள்.