அதிவேக விமானம்: காகிதத்தில் முதல் வடிவம் போடுவது எப்படி?

கூர்மூக்கும் முக்கோண இறக்கையும் வரைந்துவிட்டு அப்புறம் கணக்குப் போட உட்கார்ந்தால், வரைந்ததை அழிக்க வேண்டிவரும். கணக்கு முதலில், படம் கடைசியில். ஒரு கால்குலேட்டரும் வரைபடத்தாளும் போதும்.

படி 1: எவ்வளவு சூடு தாங்கும்?

வேகத்தை முடிவு செய்வது வெப்பம்தான். மூக்கு நுனியில் மோதி நிற்கும் காற்று எவ்வளவு சூடாகும் என்று பாருங்கள். மாக் எண்ணின் (வேகம் ஒலிவேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். வந்ததை வெளிக்காற்றின் வெப்பநிலையால் பெருக்குங்கள். 11 முதல் 20 கி.மீ. உயரம் வரை அது சுமார் 217 கெல்வின். விடையில் 273 கழித்தால் செல்சியஸ்.

மாக் 2-க்கு 118 டிகிரி, மாக் 3-க்கு 335, மாக் 5-க்கு 1,030. பயணிகளை ஏற்றிப் பறந்த அதிவேக விமானமான கான்கார்டின் மூக்கு நுனிக்கு வைத்த வரம்பு 127 டிகிரி. அலுமினியக் கலவை உடல் என்பதால் மாக் 2-ஐ ஒட்டியே நின்றுவிட்டது. மாக் 3-ஐத் தாண்டிய அமெரிக்க உளவு விமானம் எஸ்ஆர்-71 டைட்டானியத்துக்குப் போனது. மாக் 5-இல் டைட்டானியமும் போதாது. ஆசை யாரை விட்டது! ஆனாலும் முதல் வடிவத்துக்கு மாக் 2 போதும்.

படி 2: எவ்வளவு தூரம் போகும்?

நான்கு எண்களைப் பெருக்க வேண்டும்: வேகம், தூக்குவிசைக்கும் இழுவிசைக்கும் உள்ள விகிதம், ஒரு கிலோ எரிபொருள் ஒரு கிலோ எடைக்குச் சமமான உந்துவிசையை எத்தனை வினாடி தருகிறது என்பது, கடைசியாக தொடக்க எடையை இறுதி எடையால் வகுத்து எடுத்த இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln பொத்தான்).

மாக் 2 என்றால் வினாடிக்கு 0.59 கி.மீ. விகிதம் 7.5, எஞ்சினுக்கு 3,000 வினாடி, எடையில் 45% எரிபொருள் (100-ஐ 55-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.598) என்று வைத்தால்:

0.59 × 7.5 × 3,000 × 0.598 = சுமார் 7,900 கி.மீ.

மேலேறவும் வேகமெடுக்கவும் கையிருப்புக்கும் கால் பங்கைக் கழித்துவிடுங்கள். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் விகிதத்தில்தான்: சாதாரண பயணிகள் விமானத்தின் 17, 18-ஐ இங்கே போட்டால் தூரம் இரண்டு மடங்குக்கு மேல் பொய்யாக வரும்.

எரிபொருளுக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 80 டன் விமானத்தில் 45% என்றால் 36 டன், ஏறக்குறைய 45 கன மீட்டர். ஒல்லியான உடலில் அது அடங்க வேண்டும்.

படி 3: இப்போது வரையலாம்

மாக் 2-இல் மூக்கிலிருந்து கிளம்பும் அழுத்த அலைக் கூம்பின் அரைக்கோணம் 30 டிகிரி. இறக்கையின் முன்விளிம்பு 60 டிகிரிக்கு மேல் பின்சாய்ந்தால் கூம்புக்குள் அடங்கும்; 65 வையுங்கள். பிறகு மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடுத்து, உடல், இறக்கை, எஞ்சின் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டிக் கோடாக வரையுங்கள். கோட்டில் திடீர் மேடு தெரிந்தால் அங்கே உடலை ஒடுக்குங்கள். 1953-இல் பறந்த அமெரிக்கப் போர் விமான முன்மாதிரி ஒய்எஃப்-102 ஒலிவேகத்தைத் தாண்டத் திணறியது. இடுப்பை ஒடுக்கிய மறுவடிவம் 1954-இல் தாண்டியது.

படி 4: காற்று வாய்

எஞ்சினுக்குள் போகும் காற்றின் வேகத்தை முதலில் குறைக்க வேண்டும். மாக் 2-இல் அதற்கு நேர் அதிர்வலை (காற்றோட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கும் அதிர்வலை) ஒன்றை மட்டும் நம்பினால் காற்றின் மொத்த அழுத்தத்தில் 72% மிஞ்சும். மாக் 3-இல் 33% தான். சாய்தளம் வைத்துப் படிப்படியாக வேகத்தைக் குறையுங்கள்.

படி 5: சமநிலை

ஒலிவேகத்தைத் தாண்டும்போது தூக்குவிசையின் மையம் பின்னால் நகரும், மூக்கு தாழும். வால்பக்கப் பலகையை வளைத்தே சமாளித்தால் இழுவிசை கூடும். கான்கார்ட் எரிபொருளைப் பின் டேங்குக்கு பம்ப் செய்தது. அப்போதைய எடை 72 டன், மையம் நகர்வது 1 மீட்டர், டேங்குகளின் இடைவெளி 12 மீட்டர் என்றால் 6 டன்னை நகர்த்த வேண்டும். வேகம் குறையும்போது அதே 6 டன் முன்னால் வந்தாக வேண்டும். பின்னாலேயே தங்கினால் மூக்கு மேலே தூக்கும். அதனால் பம்பும் குழாயும் இரட்டையாக இருக்கட்டும்.