மலைப்பாதைக்கு ஏற்ற நடை உணரி: காலணிக்குள் பொருத்திச் சரிசெய்யும் முறை

பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குக் குதிகாலுக்கு முன்பே முன்பாதம் தரையில் படும். அதை அப்போதே அதிர்வால் உணர்த்தும் கருவியைக் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே செய்துவிடலாம். ஆனால் சமதளத்தில் சரிபார்த்த கருவி கோத்தகிரிப் பக்கத்துச் சரிவில் பொய் சொல்லும். செங்குத்தான ஏற்றத்தில் நல்ல காலும் முன்பாதத்தைத்தான் முதலில் ஊன்றும்.

வேண்டியவை: நிரல் எழுதி ஏற்றும் சிறு கணினியான இ.எஸ்.பி.32 போர்டு, எஃப்.எஸ்.ஆர். 402 அழுத்த உணரி இரண்டு, எம்.பி.யூ. 6050 அசைவு உணரி, 3 வோல்ட் நாணய மோட்டார், 2என்2222 டிரான்சிஸ்டர், டயோடு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 1 கிலோ ஓம் ஒன்று, லித்தியம் பேட்டரி.

ஒரு அழுத்த உணரி குதிகால் நடுவில், மற்றது பெருவிரலின் அடிமேட்டில். கீழே 2 மி.மீ. ஃபோம், மேலே மெல்லிய தோல். ஒவ்வொரு உணரியின் ஒரு முனை போர்டின் 3.3 வோல்ட்டுக்கு, மறுமுனை போர்டின் 34 அல்லது 35ஆம் பின்னுக்கு (ஒன்றுக்கு ஒன்று), அங்கிருந்து 10 கிலோ ஓம் வழியே கிரவுண்டுக்கு. வேறு சில பின்களில் வைஃபை ஓடும்போது அளவீடு வராது. உணரியின் வாலில், அதாவது இணைப்புப் பட்டையில், பற்றவைத்தால் பிளாஸ்டிக் உருகும். அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் கனெக்டர் போடுங்கள். ஈரத்துக்குப் பயந்து முழுக்க ஒட்டி மூடவும் கூடாது, வாலில் காற்றுவழி உண்டு. மேட்டுப்பாளையத்தில் மூடியது ஊட்டி ஏறியதும் சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பும்.

மோட்டாரைப் பின்னில் நேரடியாக மாட்டாதீர்கள். அந்த மின்னோட்டம் பின்னுக்கு அதிகம். 1 கிலோ ஓம் வழியே டிரான்சிஸ்டர் அதை இயக்கட்டும், மோட்டாரின் குறுக்கே டயோடு. மோட்டாரை உணர்ச்சி குறைந்த காலில் கட்டிப் பயனில்லை, இடுப்பில் கட்டுங்கள்.

அளவு வைக்கும்போது தினமும் போடும் கம்பளிக் காலுறையோடு, கயிற்றை இறுக்கியே வையுங்கள். கயிற்றின் இறுக்கமே ஒரு அழுத்தத்தைக் காட்டும். காலைத் தூக்கியபோது வரும் எண்ணுக்கும் ஊன்றி நிற்கும்போது வரும் எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கில் வரம்பு; அதைத் தாண்டினால் கால் தரையில் பட்டதாகக் கொள்ளுங்கள். இந்த உணரி எடையை அளக்காது, பட்டதா இல்லையா என்று மட்டும் சொல்லும்.

சரிவுக்கான வேலை இனிதான். எம்.பி.யூ. 6050ஐக் காலணியின் மேல் ஆடாமல் கட்டி, சமதளத்தில் நிற்கவைத்து அப்போதைய சாய்வைப் பூஜ்யமாக வையுங்கள். நொடிக்கு 100 முறை படியுங்கள். இரண்டு அழுத்த உணரிகளும் அழுந்தியிருக்கையில் முடுக்க அளவின் சராசரி தரையின் சாய்வைத் தரும். ஏற்றம் 5 பாகைக்கு மேல் இருந்தால் அடுத்த அடிக்கு அதிர்வை நிறுத்திவையுங்கள். பின்பு அவர் தினமும் நடக்கும் பாதையிலேயே அந்த எண்ணைத் திருத்துங்கள், பிசியோதெரபிஸ்ட் சொல்படி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் வைத்து.

அதிகம் ஏமாற்றுவது மௌனம். காலை இழுத்து நடப்பவரிடம் முன்பாத உணரி விடுபடவே விடுபடாது. கருவி எல்லாம் நலம் என்று சும்மா இருக்கும். குதிகால் தூக்கி 1 நொடிக்குள் முன்பாதமும் விடுபடாவிட்டாலும் அதிரும்படி எழுதுங்கள்.

உறைபனிக் காலையில் வெளியே வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். 0 பாகை செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி கெடும்.

கணுக்காலைத் தூக்கவே முடியாதவருக்கு இந்த அதிர்வு வெறும் தொந்தரவு. அவருக்குக் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. பட்டைதான் வேண்டும்.