அல்மனாக் டேபிள் பாக்கக் கத்துக்கணுமா, முதல்ல எட்டு மணி நேரத்தக் கழிங்க

எங்க அம்மா பஞ்சாங்கத்துல நட்சத்திரம் எப்ப முடியுதுன்னு பாத்தா உடனே ரெண்டரை மணி நேரம் கூட்டுவாங்க, ஏன்னா அது தமிழ்நாட்டுல அச்சடிச்சது, நாம இருக்கறது சிங்கப்பூர்ல. நாட்டிகல் அல்மனாக்கும் அதே மாதிரிதான். 1767-லேர்ந்து வருஷா வருஷம் வர்ற கடல் பஞ்சாங்கம்னு வச்சுக்கங்க, சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து நாம பூமில எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்க ஒதவறது, அதுல இருக்கற ஒவ்வொரு நம்பரும் கிரீன்விச் நேரத்துக்குப் போட்டது, அத யூடின்னு சொல்லுவாங்க. நம்ம நேரம் அதவிட 8 மணி நேரம் முன்னாடி. அதனால புக்கத் தொறக்கறதுக்கு முன்னாடியே வாட்ச்ல பாத்த நேரத்துலேர்ந்து 8 மணிய கழிச்சு, தேதியோட சேத்து பேப்பர்ல எழுதுங்க. தேதி ரொம்ப முக்கியம், ஏன்னா காலைல 8 மணிக்கு முன்னாடி நீங்க ஒரு நட்சத்திரத்த அளந்தீங்கன்னா கிரீன்விச்ல அது இன்னும் முந்தின நாள்தான்.

நான் இத தப்பா பண்ணிட்டு ரொம்ப நாள் தப்புன்னே தெரியாம இருந்தேன். டிசம்பர்ல பழக ஆரம்பிச்சேன், சிங்கப்பூர் நேரத்த அப்படியே வச்சு டேபிள்ல பாத்தேன், லாட்டிடியூட் சரியா வந்துச்சு, அதனால எல்லாம் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். பிப்ரவரி கடைசில அதே எடத்துல நின்னு பண்ணா 7 மைலுக்கு மேல வடக்க காட்டுது, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைல நிக்கறவன வடக்க இருக்கற யீஷுன் அளவுக்கு மேல தள்ளிடுச்சு. காரணம் இதுதான்: டிசம்பர் 21 பக்கம் சூரியனோட டெக்ளினேஷன், அதாவது பூமத்திய ரேகைக்கு வடக்கவோ தெற்கவோ அது தள்ளி இருக்கற கோணம், கிட்டத்தட்ட நகராது, 8 மணி நேரம் தள்ளிப் பாத்தாலும் அதே நம்பர்தான் வரும், ஆனா பிப்ரவரி கடைசில அது மணிக்கு 0.9 மினிட்டுக்கு மேல மாறும். அதனால டிசம்பர்லயும் ஜூன்லயும் வர்ற சரியான பதில மட்டும் நம்பிடாதீங்க, வேற மாசத்துலயும் ஒரு தடவ பண்ணிப் பாருங்க.

ஒரு விஷயம் சொல்லிடறேன், கோணத்துக்கும் நிமிஷம்தான் நேரத்துக்கும் நிமிஷம்தான்னு வந்தா குழம்பும், அதனால நான் கோணத்துக்கு மினிட்னு சொல்றேன், நேரத்துக்கு நிமிஷம்னு சொல்றேன். ஒரு டிகிரிக்கு 60 மினிட், லாட்டிடியூட்ல ஒரு மினிட்னா ஒரு நாட்டிகல் மைல்.

இப்ப புக்கத் தொறங்க. நடுவுல இருக்கற தினப் பக்கங்கள்ல எதிரெதிரா ரெண்டு பக்கத்துக்கு மூணு நாள் கணக்கு இருக்கும். இடது பக்கத்துல மேஷப் புள்ளி, அதாவது ஏரிஸ், அப்புறம் வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, ஓரத்துல 57 நட்சத்திரம். வலது பக்கத்துல சூரியன், சந்திரன், உதயம், அஸ்தமனம், அந்தி வெளிச்சம். ஒவ்வொரு மணிக்கும் ஜிஎச்ஏன்னு ஒரு கோணமும் டெக்ளினேஷனும் போட்டிருப்பாங்க. ஜிஎச்ஏங்கறது அந்த நேரத்துல சூரியன் கிரீன்விச்சுக்கு மேற்க எவ்வளவு தள்ளி இருக்குங்கறது, டெக்ளினேஷன் அது பூமத்திய ரேகைக்கு வடக்கவா தெற்கவா எவ்வளவு தள்ளிங்கறது. ரெண்டும் சேந்தா சூரியன் இப்ப பூமில எந்த எடத்துக்கு நேர் மேல இருக்குன்னு தெரிஞ்சுபோகும். மத்ததெல்லாம் அந்த எடத்துலேர்ந்து நாம எவ்வளவு தூரம்னு கண்டுபிடிக்கறதுதான்.

முதல்ல பழக வேண்டியது உச்சி வெயில் அளவு. சிங்கப்பூர்ல சூரியன் உச்சிக்கு வர்றது 12 மணிக்கு இல்ல, நம்ம கடிகாரம் 120 டிகிரி கிழக்குக்கு ஓடுது, நாம இருக்கறது 104 டிகிரி பக்கம், அதனால மதியம் 1 மணிய ஒட்டிதான் வரும், நவம்பர் ஆரம்பத்துல 12:48 பக்கம், பிப்ரவரி நடுவுல 1:18 பக்கம். டேபிள்ல எப்படி எடுக்கறதுன்னா, டிசம்பர் 21-க்கு வலது பக்கம் கீழ மெர் பாஸ்னு, அதாவது கிரீன்விச்ல சூரியன் உச்சிக்கு வர்ற நேரம், 11:58 இருக்கும். ஈஸ்ட் கோஸ்ட்ல மரீன் பரேட் பக்கம் லாங்கிடியூட் 103 டிகிரி 54 மினிட் கிழக்குன்னு வச்சுக்கங்க, புக்குக்குள்ள கோணத்த நேரமா மாத்தற டேபிள் இருக்கு, அதுல 6 மணி 56 நிமிஷம் வரும், கிழக்குங்கறதால கழிக்கணும், 05:02 யூடி, அதோட 8 கூட்டினா மதியம் 1:02. ஒரு பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே போய் செக்ஸ்டன்டோட நில்லுங்க, அதான் சூரியனுக்கும் ஹொரைசானுக்கும் (கடலும் வானமும் சேர்ற கோடு) நடுவுல இருக்கற கோணத்த அளக்கற கருவி. கருப்புக் கண்ணாடி ஷேட் ரெண்டு பக்கமும் போடாம செக்ஸ்டன்ட் வழியா சூரியன பாக்கவே பாக்காதீங்க, கண்ணு போயிடும்.

ஹொரைசான் பத்தி பல பேர் என்னைக் கேக்கறாங்க, எதிர்ல பாத்தாம் தீவு தெரியுதே, கப்பலெல்லாம் நங்கூரம் போட்டு நிக்குதே, எப்படி அளக்கறதுன்னு. கண்ணு தண்ணிக்கு மேல 3 மீட்டர்ல இருந்தா ஹொரைசான் சுமார் மூணரை மைல் தூரத்துல இருக்கும். பாத்தாம் அதுக்கு ரொம்ப அந்தப் பக்கம், அதனால தீவுக்கு முன்னாடி தண்ணி முடியற கோடு உண்மையான ஹொரைசான்தான், அத எடுத்துக்கலாம். கப்பலு பக்கத்துல இருக்கும், அது தண்ணியத் தொடற எடத்துல சூரியன வச்சுடாதீங்க, ரெண்டு கப்பலுக்கு நடுவுல இருக்கற சந்துல வைங்க. ஆனா இதெல்லாம் சூரியன் தெற்க இருக்கற மாசத்துக்குத்தான், ஜூன்ல சூரியன் வடக்க எச்டிபி அடுக்குமாடி பிளாக் பக்கம் போயிடும், அங்க ஏது கடல். மார்ச் 23, செப்டம்பர் 20 பக்கம் நேரா தலைக்கு மேல வந்துடும், ஆரம்பத்துல அந்த நாளெல்லாம் வேண்டாம். தட்டுல எண்ணெய் ஊத்தி அதுல தெரியற சூரியன வச்சும் அளக்கலாம், ஆனா அதுல கோணம் ரெண்டு மடங்காகும், நம்ம ஊரு உச்சி வெயிலுக்கு 130 டிகிரிய தாண்டும், செக்ஸ்டன்ட் பெரும்பாலும் அவ்வளவு தொறக்காது, காலைலயும் சாயந்தரமும்தான் சரிப்படும்.

சரி, சூரியனோட கீழ் விளிம்ப ஹொரைசான்ல தொட வச்சு, ஏறி ஏறி வந்து நிக்கற அந்த அதிகபட்ச அளவு 65 டிகிரி 3.0 மினிட்னு வைங்க, செக்ஸ்டன்ட்ல இண்டெக்ஸ் எரர், அதாவது கருவியோட சொந்தத் தப்பு, இல்ல. புக் முன்னாடி அட்டைய ஒட்டி திருத்தம் டேபிள் இருக்கும். டிப், அதாவது கண்ணு இருக்கற உயரத்துக்கான திருத்தம், 3 மீட்டருக்கு 3.0 மினிட், இது எப்பவும் கழிக்கறதுதான், 65 டிகிரி ஆச்சு. அப்புறம் சூரியனோட நெடுவரிசை, அதுல ரெண்டு பாகம், அக்டோபர்-மார்ச் ஒண்ணு, ஏப்ரல்-செப்டம்பர் ஒண்ணு, அவசரத்துல பாகம் மாத்தி எடுத்துடுவோம், கவனம். அக்டோபர்-மார்ச்ல கீழ் விளிம்புக்கு கூட்ட வேண்டியது 15.8, ஆக 65 டிகிரி 15.8 மினிட். 90-லேர்ந்து கழிச்சா 24 டிகிரி 44.2 மினிட். டெக்ளினேஷன் தெற்கு 23 டிகிரி 26.2 மினிட். நாம வடக்க இருக்கோம், சூரியன் தெற்க இருக்கு, அதனால கழிக்கணும், 1 டிகிரி 18.0 மினிட் வடக்கு. ஈஸ்ட் கோஸ்ட் அதே எடத்துலதான் இருக்கு. முத தடவ இந்த நம்பர் என் கையில வந்தப்ப எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சு, போனும் இல்ல ஜிபிஎஸ்ஸும் இல்ல, ஒரு புக்கும் சூரியனும்தான்.

உச்சி நேரம் இல்லாத மத்த அளவுக்குத்தான் ஜிஎச்ஏ வேணும். அதே நாள் காலைல 9 மணி 14 நிமிஷம் 20 செகண்ட்ல அளந்தீங்கன்னா யூடி 01:14:20. தினப் பக்கத்துல 01 மணி வரிய மட்டும் எடுங்க, சுமார் 195.5 டிகிரி இருக்கும். மிச்சம் 14 நிமிஷம் 20 செகண்டுக்கு பின்னாடி மஞ்சப் பக்கத்துக்குப் போங்க, 14-ஆம் நிமிஷம், 20-ஆம் செகண்ட் வரி, சூரியன் நெடுவரிசை, 3 டிகிரி 35.0 மினிட். பக்கத்துலயே ஏரிஸ் நெடுவரிசையும் சந்திரன் நெடுவரிசையும் இருக்கும், விரல் வழுக்கி அத எடுத்துட்டா அவ்வளவுதான், நான் ஸ்கேல் வச்சுதான் படிப்பேன். ரெண்டையும் கூட்டி, கிழக்கு லாங்கிடியூட்டயும் கூட்டினா சுமார் 303, இதுதான் எல்எச்ஏ, அதாவது நாம இருக்கற எடத்துலேர்ந்து சூரியன் மேற்க எவ்வளவு தள்ளிங்கற கோணம். சரியான்னு பாக்க ஒரு வழி இருக்கு, 360-க்கு 57 டிகிரி குறையுது, மணிக்கு 15 டிகிரி, அப்ப உச்சிக்கு இன்னும் 3 மணி 48 நிமிஷம் பாக்கி, 9:14-ஓட கூட்டினா 1:02, மேல கண்டுபிடிச்ச நேரமே வருது. அதுக்கு அப்புறம் எல்எச்ஏ, டெக்ளினேஷன், உத்தேச லாட்டிடியூட் மூணையும் வச்சு சைட் ரிடக்ஷன் டேபிள்லயோ கால்குலேட்டர்லயோ போட்டு கோணம் எடுத்து, நீங்க அளந்ததோட ஒப்பிட்டு சார்ட்ல கோடு போடறது. நேரத்துல 4 செகண்ட் தப்புன்னா நம்ம ஊர்ல ஒரு மைல் தப்பு, வாட்ச்ச அன்னிக்கே சரி பாத்துக்கங்க.

நட்சத்திரத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி ஜிஎச்ஏ போடலன்னு பயப்படாதீங்க, ஏரிஸ் ஜிஎச்ஏவோட அந்த நட்சத்திரத்தோட எஸ்எச்ஏவ, அதாவது மேஷப் புள்ளிலேர்ந்து மேற்க அது எவ்வளவு தள்ளிங்கற கோணத்த, கூட்டினா முடிஞ்சுது, 360-ஐ தாண்டினா 360-ஐ கழிங்க. அல்தெபாரன் 290 டிகிரி 40 மினிட் பக்கம், அது வேற யாரும் இல்ல, நம்ம ரோகிணி. ஸ்பைக்கா சித்திரை, ரெகுலஸ் மகம், ஆர்க்டூரஸ் சுவாதி, அன்டாரஸ் கேட்டை, கனோபஸ் அகத்தியர், எல்லாரும் அந்த 57-ல இருக்காங்க, பாட்டி சொல்லிக் கொடுத்த பேரையே ஓரத்துல எழுதி வச்சுக்கங்க, வானத்துல தேட ரொம்ப ஒதவும். துருவ நட்சத்திரத்துக்கு தனி டேபிள் இருக்கு, ஆனா இங்கேர்ந்து அது ஹொரைசானுக்கு ஒரு டிகிரி மேலதான், கண்ணுக்கே கிடைக்காது.

நம்ம பக்கம் இருட்டு சீக்கிரம் வந்துடும், நட்சத்திரமும் தெரியணும் ஹொரைசானும் தெரியணும்னா சாயந்தரம் 25 நிமிஷம் கிடைச்சாலே பெருசு, அதனால டேபிள்ல அந்தி நேரத்த பாத்துட்டு எந்த நட்சத்திரம் எந்தப் பக்கம்னு வெளிச்சம் இருக்கறப்பவே லிஸ்ட் போட்டுடுங்க. பிப்ரவரி கடைசில கப்பல்ல இருந்தீங்கன்னா ஏழே முக்கால் வாக்குல தென்கிழக்க சிரியஸ், தெற்க கனோபஸ், வடக்க கப்பெல்லா, வடமேற்க ஹமால், முதல்ல கிழக்க ஆரம்பிங்க, அந்தப் பக்க ஹொரைசான்தான் முதல்ல இருட்டும்.