புள்ளைங்க மனசு விஷயத்துல நாம பண்ற தப்புங்க

எங்க அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறப்போ திங்கக்கிழமை விடிஞ்சாலே வயித்துவலின்னு சுருண்டு படுத்துக்குவா. ஓமத்தண்ணி குடுத்தோம், டாக்டர்கிட்ட போனோம், ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல். உடனே "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா"ன்னு வீட்ல எல்லாரும் முடிவு பண்ணிட்டோம், நானும்தான். டிபன் பாக்ஸ் தினமும் அப்படியே திரும்பி வந்தத, எலுமிச்சை சாதம் வச்சது வச்சபடி, மேல அப்பளம் நமத்துப்போய் கெடந்தத ரெண்டு மாசம் யாருமே கவனிக்கல.

முதல் தப்பே இதுதாங்க, நடிப்புன்னு முத்திரை குத்துறது. "எனக்கு பதட்டமா இருக்கு"ன்னு சொல்ல அந்த வயசுல வார்த்தை வராது, அது தலைவலியா, வயித்துவலியா, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுறதா, ராத்திரி தூக்கம் வராம புரள்றதாதான் வெளிய வரும். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேன்னாலும் வலி நெஜம்தான்.

அடுத்தது "வயசுக்கோளாறு, தானா சரியாயிடும்". ரெண்டு நாள் மூட் அவுட்டுன்னா சரியாயிடும், ஆனா ரெண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு இறங்கல, புடிச்ச கிரிக்கெட்டுக்கே போகல, ரூமை விட்டு வரலேன்னா காத்திருக்காதீங்க. 10லேருந்து 19 வயசுக்குள்ள ஏழு பேர்ல ஒருத்தருக்கு மனநலப் பிரச்சனை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அப்படின்னா 40 பேர் இருக்குற கிளாஸ்ல அஞ்சாறு புள்ளைங்க. இந்த மாதிரி பிரச்சனைங்கள்ல பாதி 18 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிடுதாம், நாம அத கண்டுக்கறது எத்தனையோ வருஷம் கழிச்சுதான்.

அப்புறம் இந்த "உனக்கு என்ன குறை வச்சோம், நாங்கல்லாம் அந்தக் காலத்துல". இத கேட்டதுமே புள்ள வாய மூடிக்கும். எதிர்ல உக்கார வச்சு போலீஸ் மாதிரி விசாரிச்சாலும் அதே கதைதான். அக்கா ஒருநாள் ராத்திரி முருங்கைக்கீரை உருவிக்கிட்டே, அவ மூஞ்சியக்கூட பாக்காம, "வயிறு எப்போடி ரொம்ப வலிக்குது?"ன்னு மட்டும் கேட்டா. அரைக்கட்டு கீரை உருவி முடிஞ்ச அப்புறம்தான் பதில் வந்துச்சு. கூட உக்காந்து சாப்புடுற பொண்ணுங்க நெறத்த சொல்லி கிண்டல் பண்ணி இவள ஒதுக்கி வச்சிருக்காங்க, லன்ச் பெல் அடிச்சா இவளுக்கு உக்கார எடமே இல்ல. அக்கா அப்போ அட்வைஸ் எதுவும் பண்ணல, "இத்தன நாள் தனியா தாங்கிட்டிருந்தியா"ன்னு கேட்டா, அவ்ளோதான், புள்ள ஒரு மணி நேரம் அழுதா.

ரிசல்ட் நேரத்துல அடுத்த வீட்டுப் பையன் மார்க்க இழுக்காதீங்க. பிளஸ் டூல ஒரு பேப்பர் போனாலும் அந்த வருஷமே துணைத்தேர்வு இருக்கு, அத ரிசல்ட்டுக்கு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லி வைங்க.

எல்லாத்த விடவும் பெரிய தப்பு, "செத்துப்போலாம்னு இருக்கு"ன்னு புள்ள சொன்னா "என்ன மிரட்டுறியா"ன்னு கேக்குறது. அந்த மாதிரி நெனப்பு வருதான்னு நேராவே கேளுங்க, கேட்டா நாமளே அத மனசுல போட்ட மாதிரி ஆயிடும்னு நெனக்கறது தப்பு, கேட்டா அவங்களுக்கு பாரம்தான் எறங்கும். தனியா விடாதீங்க. வீட்ல பூச்சி மருந்து, பாட்டியோட மாத்திரை எல்லாம் கைக்கு எட்டாம எடுத்து வச்சிடுங்க.

வெளிய தெரிஞ்சா நாளைக்கு கல்யாணம் ஆகுமான்னு பயந்து டாக்டர்கிட்ட போறத தள்ளிப் போடாதீங்க. மாவட்ட அரசு ஆஸ்பத்திரிலயே மனநலப் பிரிவு இருக்கு. அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு (டெலி மானஸ்) ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சாலும் தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. அந்த நம்பர உங்க போன்ல மட்டும் இல்லாம புள்ளைங்க போன்லயும் சேவ் பண்ணிக் குடுங்க, நம்மகிட்ட சொல்ல முடியாதத அங்கயாவது சொல்லட்டும்.